வெற்றிப் பாட்டை வெறுக்கும் அபிமானிகளுக்கு

புரோகிரஸிவ் ராக் சங்கீதத்தில் தீராத பற்றுடைய ரசிகப் பெருமக்களே,

இருபது நிமிஷம் நீளும் ஒரு பாட்டை நடுவில் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்பவர்கள் அருகி வரும் இந்தக் காலத்தில், உங்களைப் போன்றவர்களுக்கு நீண்ட மடல் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் பாராவோடு மடித்து வைத்துவிட மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

நம் கூட்டத்தில் பல காலமாக நிலவி வரும் ஓர் அபிப்பிராயத்தை உங்கள் முன் வைத்து, அதை ஆக்ஷேபிக்க அனுமதி கேட்கிறேன். ஜெனிஸிஸ் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், அதன் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகிய 1975க்குப் பிற்பட்டதைத் தாம் கேட்பதே இல்லை என்று ஒருவர் பெருமையோடு சொல்கிறார். யெஸ் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், 1983 என்ற வருஷத்தைக் கேட்டவுடனேயே இன்னொருவர் முகத்தைச் சுளிக்கிறார். பிங்க் ஃபிளாய்டின் பாட்டுக்களில் ரேடியோ ஓயாது ஒலிபரப்பும் இரண்டு மூன்றை, அவை ஜனங்களுக்குப் பிடித்துவிட்டன என்ற ஒரே குற்றத்திற்காக, மூன்றாமவர் தள்ளி வைத்துவிடுகிறார். விலைபோய்விட்டார்கள் என்ற ஒரு சொல்லில் இந்தத் தீர்ப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது. விற்பனைப் பட்டியலில் ஏறிய பாட்டு, ஏறிய அளவுக்குத் தன் தரத்தில் இறங்கியிருக்க வேண்டும் என்பது உங்கள் சித்தாந்தம். வித்வத்வம் நிறைந்த பாட்டும் ஜனரஞ்சகமான பாட்டும் கலக்கின்ற இடத்தில்தான் இந்தச் சங்கீதத்தின் மிகக் கடினமான சாதனைகளுள் சில நிகழ்ந்திருக்கின்றன என்பது என் கட்சி.

இந்த மடலைத் தற்செயலாகப் படிக்க நேரும் பிறருக்காக ஒரு வார்த்தை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய இந்தச் சங்கீதம், ராக் கோஷ்டியின் மின்சாரக் கிதாரையும் டிரம்ஸையும் கைவிடாமலே, ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தில் உள்ளது போன்ற பல அங்கங்கள் கொண்ட உருப்படி அமைப்பையும், ஜாஸ் வித்வான்களின் மனோதர்மத்தையும், நான்கு நான்காக எண்ணினால் அடங்காத தாளக் கணக்குகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1972இல் யெஸ் கோஷ்டியார் 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற ஒரே பாட்டுக்கு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜெனிஸிஸ் கோஷ்டியார் பாடிய 'ஸப்பர்ஸ் ரெடி' சுமார் 23 நிமிஷம் நீள்கிறது. ரேடியோவுக்காகச் செய்யப்பட்ட பாப் பாட்டுக்கோ மூன்று நிமிஷம்தான் ஆயுள். இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவை பிறந்த கதையைச் சற்றுப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிலைக்காது.

1967ஆம் வருஷம் ஜூன் 25ஆம் தேதி, பல நாடுகளைச் செயற்கைக் கோள்கள் மூலம் இணைத்து நடந்த 'அவர் வேர்ல்டு' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இங்கிலாந்தின் சார்பில் பீட்டில்ஸ் கோஷ்டியார் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டைப் பாடினார்கள். உலகத்திலுள்ள எல்லோருக்கும் ஒரே தடவையில் புரியவேண்டும் என்ற நோக்கத்துடன் எழுதப்பட்ட பாட்டு அது. அதன் சரணமோ ஏழு ஏழு அட்சரமாக நடந்து, இடையில் ஓரிடத்தில் எட்டாகி, மறுபடி ஏழுக்குத் திரும்புகிறது. அதைக் கேட்ட கோடிக்கணக்கான ஜனங்களில் எத்தனை பேர் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள்? அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் ஸ்தானத்தைப் பிடித்தது. அதே வருஷத்தில் புரோக்கல் ஹாரம் கோஷ்டியாரின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்', பாக் என்ற ஜெர்மானிய மேதையின் சாயல் படிந்த ஆர்கன் வாசிப்பை முன்னிறுத்திக்கொண்டு, ஆறு வாரம் இங்கிலாந்துப் பட்டியலின் உச்சியில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஜெத்ரோ டல் கோஷ்டியின் தலைவர் அயன் ஆண்டர்சன் புல்லாங்குழலை வைத்துக்கொண்டு ஐந்து அட்சரத்தில் அமைத்த 'லிவிங் இன் தி பாஸ்ட்' மூன்றாவது ஸ்தானம் வரை சென்றது. நீங்கள் போற்றும் மகத்தான நீண்ட உருப்படிகளுள் பல எழுதப்படுவதற்கு முன்னரே, அவற்றின் லக்ஷணங்கள் விற்பனைப் பட்டியலில் நடமாடிக்கொண்டிருந்தன. பாகப்பிரிவினை பின்னால் நடந்தது. அதையும் செய்தவர்கள் பெரும்பாலும் ரசிகர்களும் பத்திரிகைக்காரர்களுமேயன்றிப் பாடகர்கள் அல்லர்.

இனி நான் சற்று நின்று நிதானமாகப் பேச விரும்பும் பாட்டுக்கு வருகிறேன். 1973ஆம் வருஷம் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற இசைத்தட்டிலுள்ள 'மனி' என்ற பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அறிந்ததனாலேயே அதைக் கவனித்துக் கேட்பதை நிறுத்திவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ரோஜர் வாட்டர்ஸ் இயற்றிய இந்தப் பாட்டின் அடித்தளத்து பேஸ் கிதார் வரிசை ஏழு அட்சரத்தில் செல்கிறது. நம் கச்சேரி வழக்கில் சொல்வதானால், தகிட தகதிமி என்று முதலில் மூன்றும் பிறகு நான்குமாக வரும் சாதாரண மிச்ர சாபுவாக அல்லாமல், நான்கை முன்னால் போட்டு மூன்றைப் பின்னால் வைத்து, சியாமா சாஸ்திரிகள் சில கிருதிகளில் கையாண்டாரே அந்த விலோம சாபுவைப் போல நடக்கிறது. பாட்டின் முகப்பில் காசு குலுங்கும் ஓசையும், காகிதம் கிழியும் ஓசையும், கடைக் கல்லாப்பெட்டி இயந்திரத்தின் ஓசையும் ஏழு ஏழாக வருகின்றனவே, அவை இக்காலத்தைப் போலப் பொத்தானை அழுத்திப் பெற்றவை அல்ல. வாட்டர்ஸ் தம் மனைவி களிமண் பிசைவதற்கு வைத்திருந்த பாத்திரத்தில் நாணயங்களைப் போட்டு ஒலிப்பதிவு செய்ய, ஒவ்வோர் ஓசையும் பதிந்த காந்த நாடாவை அளவுகோல் வைத்துச் சம நீளத்தில் வெட்டி ஒட்டி, வளையமாக்கிச் சுழல விட்டார்கள். லயத்தை முழக்கோலால் அளந்து வைத்த அபூர்வமான காரியம் அது.

இத்தனைக்கும் அந்தப் பாட்டு ஏன் சாமானிய ஜனங்களைத் துரத்தவில்லை என்பதுதான் ஆராயத் தக்க விஷயம். காரணம், அதன் ஸ்வரக்கூட்டு அமைப்பு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் சங்கீதத்தினின்று எடுத்தது. பன்னிரண்டு ஆவர்த்த ப்ளூஸ் என்று ராக் கேட்கும் ஒவ்வொருவர் காதிலும் ஏற்கனவே ஊறிப்போன சட்டம்தான் அங்கே சிறிது மாற்றத்துடன் இருக்கிறது. பழகிய வழியில் பழகாத நடை. ஆகையால் கேட்பவனுடைய காது எதையோ புதிதாக உணர்கிறதே தவிர மிரண்டு ஓடுவதில்லை. டிக் பாரியின் ஸாக்ஸஃபோன் அதே ஏழு அட்சரத்தில் சிரமப்பட்டு உருண்டு முடிந்ததும், டேவிட் கில்மோரின் கிதார் தொடங்கும் க்ஷணத்தில் தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது. அங்கே ஏற்படும் விடுதலையை எண்ணிப் பாருங்கள்: அதுவரை நொண்டி நடந்துகொண்டிருந்த பாட்டு திடீரென்று ஓடத் தொடங்குவது போன்ற உணர்ச்சி பிறக்கிறது, பின்பு மறுபடியும் ஏழுக்கே திரும்பும்போது, பணத்தைப் பற்றிய அந்த ஏளனப் பேச்சுக்கு ஏழுதான் பொருத்தம் என்பது கேட்பவனுக்கு ஊர்ஜிதமாகிறது. தாள மாற்றம் இங்கே வித்தை காட்டுவதற்காக வரவில்லை, பாட்டின் பாவத்துக்காக வருகிறது. உங்களுடைய நீண்ட உருப்படிகளில் பத்து நிமிஷத்துக்குள் நான்கு முறை தாளம் மாறுமே, அவற்றுள் எத்தனை மாற்றங்களுக்கு இப்படிக் காரணம் சொல்ல முடியும் என்று உங்கள் மனச்சாட்சியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை இகழ்ந்த அந்தப் பாட்டே அவர்களுக்கு அமெரிக்காவில் பணத்துக்கு வாசலைத் திறந்தது என்பது விதியின் விளையாட்டு. அங்கே அது பட்டியலில் 13ஆம் ஸ்தானத்தை எட்டியது. அந்த இசைத்தட்டோ 1988க்குள் மொத்தம் 741 வாரம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. யெஸ் கோஷ்டியாரின் 'ரவுண்டபவுட்' அமெரிக்காவில் எட்டியதும் 13தான். பீட்டர் கேப்ரியல் தனியே பாடிய 'ஸால்ஸ்பரி ஹில்' இங்கிலாந்தில் எட்டியதும் 13தான். மேல்நாட்டார் அபசகுனம் என்று அஞ்சி ஓட்டல் அறைகளுக்குக்கூட இடாத அந்த எண் இந்தச் சங்கீதத்துக்கு ராசியாக இருந்திருக்கிறது போலும்.

கேப்ரியலின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஜெனிஸிஸிலிருந்து விலகியதையே பொருளாக வைத்து அவர் 1977இல் வெளியிட்ட அந்தப் பாட்டும் ஏழு அட்சரத்தில் அமைந்ததுதான். ஆனால் 'மனி'யில் தாளத்தின் கோணலைக் காட்டுவது உத்தி என்றால், இதில் அதை மறைப்பது உத்தி. ஒவ்வோர் அட்சரத்திலும் சீராக விழும் அடியின்மேல் கிதார் துள்ளிச் செல்வதால், மலைச்சரிவில் காற்று வாங்க நடப்பவனுடைய உற்சாகம் மட்டும் காதில் விழுகிறது. எண்ணத் தொடங்கினால்தான் எட்டாவது அடி வரவேயில்லை என்பது தெரிகிறது. காட்டுவதைவிட மறைப்பது கடினம் என்பதை லய வின்யாசத்தில் பழகிய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

சரி, அவரை விட்டுவிட்டு ஜெனிஸிஸில் எஞ்சியவர்கள் என்ன செய்தார்கள்? உங்கள் கோபத்துக்கு முக்கியப் பாத்திரம் ஃபில் காலின்ஸ் என்பது எனக்குத் தெரியும். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் முன்வரிசைக்கு வந்து பாட ஆரம்பித்ததிலிருந்து கோஷ்டி கெட்டது என்கிறீர்கள். 1980இல் வந்த 'டியூக்' என்ற இசைத்தட்டின் பிரசித்தமான பாட்டு 'டர்ன் இட் ஆன் அகெய்ன்', இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் ஸ்தானம் வரை போனது. தொலைக்காட்சியே கதியென்று கிடக்கும் ஒரு மனிதனைப் பற்றிய இந்தப் பாட்டின் பிரதான பகுதி ஆறும் ஏழும் கூடிப் பதின்மூன்று அட்சரமாக ஓடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டு கைதட்டித் தாளம் போட முயல்பவர் இரண்டாவது ஆவர்த்தத்திலேயே தப்பிவிடுவார். ஆயினும் பாட்டின் வேகம் அவரை அதைப் பற்றிக் கவலைப்பட விடாது. இன்னொரு செய்தியும் உண்டு. இது முதலில் தனிப் பாட்டாகவே கருதப்படவில்லை. சுமார் அரை மணி நேரம் நீளக்கூடிய ஒரு பெரிய உருப்படியின் அங்கமாகத்தான் எழுதப்பட்டது. பிறகு அந்த உருப்படியைப் பிரித்து இசைத்தட்டு முழுவதும் பரப்பி வைத்தார்கள். நீங்கள் ரேடியோச் சரக்கு என்று தள்ளியது, உங்களுக்கு உவப்பான நீண்ட உருப்படியின் உடம்பிலிருந்து வந்த அவயவம்.

அதே 1980இல் வெளிவந்த கேப்ரியலின் மூன்றாவது தனி இசைத்தட்டுக்காக, லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தார். பிரிந்தவர்கள் பகைவர்களாக இருந்தார்கள் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். சிம்பல் என்ற வெண்கலத் தட்டுக்களை யாரும் தொடவே கூடாது என்று கேப்ரியல் நிபந்தனை போட்டிருந்தார். வாத்தியக்காரர் பேசுவது உள்ளறைக்குக் கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த ஒரு மைக், டிரம்ஸின் ஓசையை அசாதாரணமான கனத்துடன் வாங்கித் தருவதை ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம் கவனித்தார். அந்தக் கனத்த முழக்கம் தானே தேய்ந்து அடங்குமுன் சட்டென்று வெட்டி நிறுத்தும்படி கருவியை அமைத்தபோது, அதுவரை எவரும் கேட்டிராத ஒரு நாதம் பிறந்தது. 'இன்ட்ரூடர்' என்ற பயங்கரமான பாட்டுக்காகக் கண்டெடுத்த அந்த ஓசைதான், அடுத்த பத்து வருஷம் உலகத்திலுள்ள பாப் பாட்டுக்களிலெல்லாம் முழங்கியது. காலின்ஸே அதைத் தம் முதல் தனிப் பாட்டான 'இன் தி ஏர் டுநைட்' என்பதில் கையாண்டார். அந்தப் பாட்டில் டிரம்ஸின் பெருமுழக்கம் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் சென்ற பிறகே வருகிறது. மற்றவர்களுடைய பாட்டு முடிந்துபோயிருக்கும் நேரம் அது! அவ்வளவு நேரம் கேட்பவனைக் காக்கவைக்கும் துணிவை அவர் எங்கே கற்றார் என்று நினைக்கிறீர்கள்? இருபத்து மூன்று நிமிஷ உருப்படியின் உச்சத்தை நோக்கி ஊர்ந்து பழகிய கைக்குத்தான் அந்தப் பொறுமை வரும். அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனித் தலைவர் அஹ்மத் எர்டேகன், தாளம் எங்கே என்று ஜனங்கள் கேட்பார்களே என்று சொன்னதன்மேல், சிங்கிள் தட்டில் மட்டும் முற்பகுதியிலேயே கொஞ்சம் டிரம்ஸ் சேர்த்தார்கள். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பதோ அந்தச் சேர்க்கை இல்லாத, காக்கவைக்கிற வடிவத்தைத்தான்.

1986ஆம் வருஷம் ஜூலை மாதம், ஜெனிஸிஸ் கோஷ்டியாரின் 'இன்விஸிபிள் டச்' அமெரிக்காவில் முதல் ஸ்தானத்தைப் பிடித்தது. அடுத்த வாரமே அதைக் கீழே தள்ளி அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்தது கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. இரண்டில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் பின்னதைச் சொல்வேன். முன்னது இனிமையான சாமானியம், அவ்வளவே. ஒரு கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் இரு வேறு வழிகளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்போது, ஒருவரை மேதை என்றும் மற்றவரைத் துரோகி என்றும் நீங்கள் பிரிப்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்களில் பலர் குயீன் கோஷ்டியைப் புரோகிரஸிவ் ராக்கில் சேர்ப்பதில்லை, போகட்டும். 1975இல் வெளிவந்த 'போஹீமியன் ராப்ஸடி'யின் அமைப்பை மட்டும் பாருங்கள்: குரல்கள் மட்டும் பாடும் முகவுரை, பியானோவுடன் வரும் உருக்கமான பகுதி, கிதார் ஆலாபனை, நாடா மேல் நாடாவாகக் குரல்களை அடுக்கிச் செய்த ஆபரா, இரைச்சலான ராக், பிறகு அமைதி. திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்பதே இல்லை. ஒரு பக்க இசைத்தட்டுக்கு உரிய அங்க விஸ்தாரத்தை 5 நிமிஷம் 55 விநாடியில் அடக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நீளமானதை ரேடியோ தொடாது என்று வர்த்தகம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். லண்டன் காப்பிடல் ரேடியோவின் கென்னி எவரெட் அதை மீண்டும் மீண்டும் ஒலிபரப்பினார். ஒன்பது வாரம் அது இங்கிலாந்தில் முதலிடத்தை விட்டு அசையவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸில் அதற்கு அடுத்த ஸ்தானத்தில் காத்துக்கொண்டிருந்தது யாருடைய பாட்டு என்று எண்ணுகிறீர்கள்? கிங் கிரிம்ஸனிலும் எமர்ஸன், லேக் அண்ட் பாமர் கோஷ்டியிலும் பாடிய கிரெக் லேக், ரஷ்ய மேதை புரோகோஃபியேவின் மெட்டு ஒன்றை இடையே கோத்துச் செய்த கிறிஸ்துமஸ் பாட்டு. பண்டிகைக் காலத்து ஆங்கில ஜனங்கள் அந்த வருஷம் முதலுக்கும் இரண்டாவதற்கும் தேர்ந்தெடுத்தவை இவை. ஜனங்களின் ருசியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் இளக்காரம் சற்று அளவு மீறியது என்று தோன்றவில்லையா?

பிங்க் ஃபிளாய்டின் மற்றொரு பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1968க்குப் பிறகு இங்கிலாந்தில் சிங்கிள் தட்டே வெளியிடுவதில்லை என்று இருந்த அவர்கள், 1979இன் இறுதியில் 'அனதர் பிரிக் இன் தி வால்' என்ற பாட்டின் இரண்டாம் பகுதியை வெளியிட்டார்கள். 'ஸால்ஸ்பரி ஹில்'லைத் தயாரித்த அதே கனடாக்காரர் பாப் எஸ்ரின்தான், டிஸ்கோ நடனக் கூடங்களில் ஒலித்த சீரான அடியை இதற்கு வைக்கும்படி வற்புறுத்தியவர். ஒரே சரணத்தோடு நின்றிருந்த பாட்டை, லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதே சரணத்தைப் பாடச் செய்து நீளமாக்கியவரும் அவரே. நீங்கள் இகழ்ச்சியோடு உச்சரிக்கும் டிஸ்கோவே அதன் கால். இருபத்தாறு பாட்டுக்கள் கொண்ட இரட்டை இசைத்தட்டின் துயரக் கதை அதன் தலை. அதை அந்தக் கதையினின்று பிரித்துக் கேட்டபோது, தகப்பனை யுத்தத்தில் இழந்த ஒரு பாடகனின் மனச்சுவர் என்ற பொருள் மறைந்து, பள்ளிக்கூடத்தின் கொடுங்கோன்மையை எதிர்க்கும் பிள்ளைகளின் குரல் மட்டும் நின்றது. இது நஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் 1980இல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி அரசின் கல்விப் பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிகளைப் பகிஷ்கரித்த மாணவர்கள் பாடியது இந்தச் சிறு துண்டைத்தான். அந்த அரசாங்கம் அதைத் தடை செய்ததும் அதனால்தான். இரட்டை இசைத்தட்டு முழுவதையும் உட்கார்ந்து கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு அவகாசம் இருந்திராது. அப்பாட்டு ஜனரஞ்சகமாக இல்லாதிருந்தால் அந்தத் தெருக்களுக்குப் போய்ச் சேர்ந்தே இராது.

எல்லாவற்றையும் நான் ஆதரிப்பதாக நினைத்துவிடாதீர்கள். எட்டரை நிமிஷப் பாட்டான 'ரவுண்டபவுட்'டை அமெரிக்க ரேடியோவுக்காக மூன்றரை நிமிஷமாக வெட்டினார்களே, அது அங்கஹீனம் செய்த காரியம். முழு வடிவத்தைக் கேட்ட காதுக்கு அந்தத் துண்டு வேதனை தருகிறது. 1981இல் யெஸ், கிங் கிரிம்ஸன், எமர்ஸன் லேக் அண்ட் பாமர் ஆகிய கோஷ்டிகளிலிருந்து வந்த கைதேர்ந்தவர்கள் கூடி 'ஏஷியா' என்ற கோஷ்டியை ஏற்படுத்தினார்கள். அவர்களது முதல் இசைத்தட்டு 1982ஆம் வருஷத்து அமெரிக்க விற்பனையில் தலைமை பெற்றது. அதைக் கேட்கும்போது, பெரிய வித்வான்கள் நால்வர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது. உங்கள் சினம் அங்கே நியாயமானது. என் வாதமெல்லாம், அந்தச் சினத்துக்குக் காரணம் விற்பனையாக இருக்கக் கூடாது, பாட்டின் வறுமையாக இருக்கவேண்டும் என்பதே.

1983இல் வெளிவந்த யெஸ் கோஷ்டியாரின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும் உடன்பாடு ஏற்படுவது கடினம் என்று அறிவேன். 1984இன் தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அந்தக் கோஷ்டிக்கு அங்கே கிடைத்த முதலிடம் அது ஒன்றுதான். தயாரித்தவர் டிரெவர் ஹார்ன். 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' என்ற கிலுகிலுப்பை போன்ற பாட்டைப் பாடிப் பிரசித்தி பெற்ற பகிள்ஸ் கோஷ்டிக்காரர் அவர். 1980இல் யெஸ்ஸிலேயே சேர்ந்து ஓர் இசைத்தட்டில் பாடியும் இருக்கிறார். பாப்பிலிருந்து புரோகிரஸிவுக்கு வந்து, பிறகு அதைப் பாப்புக்கு அழைத்துச் சென்ற விசித்திரமான யாத்திரை அவருடையது. அந்தப் பாட்டை இன்று மறுபடி கேளுங்கள். கிதாரின் எளிய நான்கு அட்சர வரிசைக்கு இடையே, எங்கிருந்தோ வெட்டி எடுத்த வாத்தியக் கூட்டத்தின் வெடிப்புகளும், வேறு இசைத்தட்டிலிருந்து எடுத்த டிரம்ஸ் துணுக்கும் எதிர்பாராத இடங்களில் வந்து விழுகின்றன. தாளத்தில் இல்லாத விபரீதத்தை நாதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற அதே இசைத்தட்டில் 'சினிமா' என்று இரண்டு நிமிஷமே ஓடும் வாத்திய உருப்படி ஒன்று உண்டு; அதற்குத்தான் யெஸ் கோஷ்டியாருக்கு கிராமி பரிசு கிடைத்தது. இருபது நிமிஷ உருப்படிகளை அரங்கேற்றியவர்களுக்கு அந்தப் பரிசை வாங்கித் தந்தது இந்த இரண்டு நிமிஷம்!

நம் ஊர் சபைகளில் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியில், ராகம் தானம் பல்லவி முடிந்த பிறகு துக்கடாக்கள் வருகின்றன. அந்த வேளையில் ஒரு பதமோ ஜாவளியோ மூன்று நிமிஷத்தில் வந்து போகும். பல்லவியின் கணக்கில் மூழ்கியிருந்தவரும், அதுவரை வாசற்படியில் நின்றவரும் அப்போது சேர்ந்தே தலையசைப்பார்கள். பல்லவி பாடிய வித்வான் துக்கடா பாடியதற்காக அவரைப் புறக்கணித்த ரசிகரை நான் கண்டதில்லை. துக்கடாவைச் சோபிக்கப் பாடுவதற்கும் அதே ஞானம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மேல்நாட்டு சங்கீதத்துக்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

ஆகவே உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த வாரம் ஒரு நாள் மாலை, 'டர்ன் இட் ஆன் அகெய்ன்', 'ஸால்ஸ்பரி ஹில்', 'மனி' ஆகிய மூன்றையும், முதல் தடவை கேட்பவர் போலத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். கேட்டபின்பும் உங்கள் அபிப்பிராயம் மாறாவிட்டால் எனக்குப் பதில் மடல் எழுதுங்கள். சண்டைக்கு நான் தயார். மாறினாலும் மாறாவிட்டாலும், உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ ரேடியோவில் இவற்றுள் ஒன்றைக் கேட்டுவிட்டு, இது பிரமாதமாக இருக்கிறதே என்று உங்களிடம் வந்து சொன்னால், அதெல்லாம் விலைபோன சரக்கு என்று வாயை அடைக்காமல், அது இடம்பெற்ற இசைத்தட்டு முழுவதையும் எடுத்துக் கையில் கொடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு ரசிகன்